நடுவரின் முழங்கால்

சந்தனகுமாருக்கு ரத்தம் எளிதில் உறையாத பிறவி நோய். வலது முழங்காலுக்குள் அடிக்கடி ரத்தம் கசிந்து மூட்டு பானைபோல வீங்கிவிடும். கபடி என்றால் உயிர். ஆட முடியாததால் நடுவரானார். நாற்காலியில் உட்கார்ந்தே விசில் ஊதுவதை ஊரே கேலி செய்தது.

கோடையில் மருத்துவர் சொன்னார்: "மூட்டுக்குள்ள கதிரியக்க மருந்த ஊசியில ஏத்துவோம். ரத்தம் கசியுற சவ்வு சுருங்கிரும்."

மனைவி பொன்மலர் பயந்தாள். அவர்தான் "போடுங்க சார்" என்றார்.

ஆறேழு மாதம் கழித்து, கோயில் கொடைத் திருவிழாவில் நடந்த கபடி இறுதிப்போட்டியில் அவர் நாற்காலி பக்கமே போகவில்லை. கோட்டை ஒட்டி ஓடிக்கொண்டே இருந்தார். கடைசியாக 'கபடி கபடி' என்று பாடிப் போனவனை எதிரணியில் ஐந்து பேர் அமுக்கியபோது, மண்ணில் மண்டியிட்டு, நடுக்கோட்டைத் தொட்ட அவன் விரல்நுனியைப் பார்த்துவிட்டுக் கையை உயர்த்தினார். தோற்றவர்கள் சண்டைக்கு வந்தார்கள்.

"பக்கத்துல இருந்து பாத்தம்லே" என்றார். வந்தவர்கள் கலைந்து போனார்கள்.

மறுநாள் விடிந்ததும் பொன்மலர் ஐஸ் பையோடு வந்து முழங்காலை அழுத்திப் பார்த்தாள்.

"என்னத்தத் தேடுத?"

"வீக்கத்த."

"இருக்கா?"

"காங்கல" என்றவள், பையிலிருந்த ஐஸ் உருகி மணிக்கட்டில் வழிவதைக் கவனிக்காமல், சிரித்துக்கொண்டே மறுபடியும் அழுத்தினாள்.