புதிய லைப்ரரி

மதியச் சங்கு ஊதியதும் ஓசூர் தொழிற்பேட்டையின் அந்த உதிரிபாக ஆலை ஓய்கிறது. தகரக்கூரையின் ஓட்டைகள் வழியே விழும் வெயிலில் எண்ணெய்ப் புகை மிதக்கிறது. பிரஸ் மெஷினை ஒட்டிய கண்ணாடி அறையில் சுக்ரா கம்ப்யூட்டரையே முறைத்துக்கொண்டிருக்கிறாள். பாதுகாப்பு வார விழாவுக்காக அவள் செய்த கேம், அதை எழுதிய எடிட்டருக்குள் அழகாக ஓடுகிறது; பில்டு செய்து தனி புரோகிராமாக்கித் திறந்தால் அப்படியே நின்றுவிடுகிறது. கேம் கேட்கும் லைப்ரரி, பல புரோகிராம்கள் பொதுவாக எடுத்துக்கொள்ளும் ஃபைல், புதியது; இந்தக் கம்ப்யூட்டரில் இருப்பது பழையது. "சாயங்காலம் பெரிய சார் வந்துருவாரும்மா. புது ஃபைலப் போட்டா ஓடிருமில்ல?" என்கிறார் வாசலில் நிற்கும் சூப்பர்வைசர் பொன்னுசாமி. "ஓடும் சார். ஆனா கை உள்ள இருந்தா மெஷின நிறுத்துற புரோகிராமும் இதே லைப்ரரியத்தான் எடுக்குது. அதுக்கு ஒத்துக்குமான்னு தெரியல." "அதெல்லாம் ஒத்துக்கும், போடும்மா." அவர் சாப்பிடப் போய்விடுகிறார். சுக்ரா பிளாப்பியிலிருந்து புதியதைப் பழையதன் மேலேயே ஏற்றி, கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போடுகிறாள். கேம் திறக்கிறது. மஞ்சள் தொப்பி போட்ட பொம்மை திரையில் துள்ளுவதைப் பார்த்துத் தன்னையறியாமல் சிரிக்கிறாள். மறுபடி சங்கு ஊதுகிறது, தரை அதிர்கிறது. ஆபரேட்டர் வெள்ளைச்சாமி அச்சில் சிக்கிய தகட்டை எடுக்க, எப்போதும்போல், மிதித்தால் பிரஸ் இறங்கும் பெடலில் காலை வைத்தபடியே கையை உள்ளே விடுகிறார். கை உள்ளே போனதும் சிவக்க வேண்டிய, மெஷினை நிறுத்தும் புரோகிராமின் கட்டம் திரையின் மூலையில் பச்சையாகவே இருக்கிறது. சுக்ரா கண்ணாடியை ஓங்கி அறைகிறாள். "கைய எடுங்கண்ணா!" இரைச்சலில் எதுவும் கேட்கவில்லை. கேம் பார்க்கத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்து, வெள்ளைச்சாமி அவளைப் பார்த்து இன்னொரு கையை உயர்த்திச் சிரிக்கிறார்.