எட்டாவது பெட்டியின் பங்கு

எட்டுக் கணினிகள் சேர்ந்து புயலின் பாதையைக் கணித்தன. ஒவ்வொன்றும் தன் விடையை மற்றவற்றின் நினைவகத்தில் கேட்காமல் கொள்ளாமல் வைத்துவிட்டுப் போகும். எட்டாவது காலையிலேயே புகைந்துவிட்டதால், நிரல் எழுதியவள் அதன் வயரைப் பிடுங்கிச் சுருட்டி, பெட்டியை மேசைக்கடியில் தள்ளியிருந்தாள். வடக்குக் கரை அதன் பங்கு. வரைபடத்தில் அந்த இடம் காலியாகத்தான் வரவேண்டும்.

வரைபடம் முழுதாக வந்தது. புயல் வடக்கே திரும்பியிருந்தது.

அதிகாரியிடம் ஓடினாள். "சார், எட்டாவதோட பங்கும் வந்திருக்கு. வடக்குக் கரையை உடனே காலி பண்ணச் சொல்லுங்க!"

"செத்த பெட்டி சொல்றதையா நம்புற?"

"யார் சொன்னா என்ன சார்? ஜனம் பிழைக்கட்டும்!"

மறுநாள் புயல் அங்கேதான் அடித்தது. கரையை முன்பே காலி செய்திருந்ததால் ஓர் உயிர்கூடப் போகவில்லை. அலுவலகமே அவளைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியது. அவள் நழுவி வந்து, எட்டாவதின் நினைவகத்துக்கு 'நன்றி' என்று அனுப்பினாள்.

சுருட்டிய வயர் காலில் தட்டியது. திரையில் வந்தது: 'போய்ச் சேர்ந்தது.'