இரண்டாவது சான்றிதழ்

பழைய யுகுலேலேக்களுக்கு வயதும் விலையும் சொல்வதில் தென்னாட்டிலேயே தனக்கு நிகரில்லை என்று வாசலில் பலகை மாட்டியிருந்த பெரியநாயகம், ரோஸலின் கொண்டுவந்த அந்த நாலு தந்தி வாத்தியத்தின் ஓட்டைக்குள் பல் டாக்டர் வைத்திருப்பது போன்ற குட்டிக் கண்ணாடியை விட்டுப் பார்த்தார். முகர்ந்தார். விரலால் தட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். "ஓட்டை விளிம்புல மூணு அடுக்கு தெரியுது பாருங்க. வெறும் பிளைவுட்மா. குழந்தைங்க விளையாடலாம்." ரோஸலின் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினாள். 'ஹவாய்த் தீவில் 1922இல் முழு மரப்பலகையில் செய்யப்பட்ட அபூர்வப் படைப்பு' என்று அதில் இருந்தது. கீழே பெரியநாயகத்தின் கையெழுத்து. "எங்க வீட்டுக்காரர் இருந்தப்ப உங்ககிட்ட எழுதி வாங்கினது சார். அவர் போனதுலேர்ந்து இது யாருக்குங்கிற சண்டையில ரெண்டு பசங்களும் பேசிக்கிறதில்ல. ஒருத்தன் வந்தா இன்னொருத்தன் வாசப்படி மிதிக்க மாட்டான். எது நிஜம்னு சொல்லிட்டீங்கன்னா நான் போய்ப் படுத்துருவேன்." பெரியநாயகம் சான்றிதழை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகர்ந்தார். விரலால் சுண்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். "இது போலிம்மா." "அப்ப அதையே எழுதிக் குடுத்துருங்க சார்." தன் பெயர் அச்சடித்த தாளில், முந்தைய சான்றிதழ் போலி என்று எழுதி, வாலை நீளமாக இழுத்துக் கையெழுத்துப் போட்டார். ரோஸலின் இரண்டு தாள்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். இரண்டிலும் வால் ஒரே நீளம். "போகட்டும், பசங்களுக்கு ஆளுக்கொண்ணு ஆச்சு" என்று மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, யுகுலேலேவை மேசையிலேயே விட்டுவிட்டு எழுந்தாள்.