வெட்டாத பூசணி

மேசையில் கத்தியைத் தவிர எல்லாம் இருந்தன.

பூசணிக்காய், பழைய பேப்பர், விதைகளை அள்ளிப் போட ஒரு கிண்ணம், உள்ளே ஏற்ற ஒரு குட்டி மெழுகுவர்த்தி. எல்லாம் ரக்ஷனா எடுத்து வைத்தவை. காலையில் எங்கே செருப்பைக் கழற்றினாள் என்பது மறந்துபோகும். போன வருட ஹாலோவீனுக்கு அம்மா என்னென்ன எடுத்து வைத்தாள் என்பது மட்டும் அப்படியே ஞாபகம் இருந்தது.

"அம்மா, கத்தி எங்க?"

"இந்த வருஷம் வெட்ட வேணாம்டா செல்லம்" என்றாள் செண்பகம்.

ரக்ஷனாவின் கீழுதடு பிதுங்கியது. அவர்கள் குடியேறியிருந்த பியர்பொன்ட்ஸில், தெரு முழுக்க வாசல்படிகளில் பல் இளிக்கும் பூசணிகள் உட்கார்ந்திருந்தன. இன்று சாயங்காலம் அவள் வீட்டுப் பூசணிக்கு மட்டும் வாயும் இருக்காது, வெளிச்சமும் இருக்காது. நான்கு வயதில் இதைவிடப் பெரிய அவமானம் உண்டா?

ஊரில் பெண்கள் முழுப் பூசணியை வெட்ட மாட்டார்கள். வீட்டு ஆண்கள் முதல் வெட்டைப் போட்டுக் கொடுக்க வேண்டும். சில சமயங்களில் பெண்களைக் கிட்டேயே விட மாட்டார்கள். போன வருடம் செண்பகம் இதையெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே வெட்டினாள்.

இந்த வருடம் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பயமாக இருந்தது. படித்தவள் பயப்படுகிற விஷயமா இது என்று தன்னையே திட்டிக்கொண்டாள். திட்டிக்கொண்டே கத்தியை அலமாரியின் மேல்தட்டில் ஒளித்து வைத்தாள். முதல் வெட்டைப் போடக் கணவன் ஏழுமலையும் வீட்டில் இல்லை. ஆபீஸ் வேலையாக ஒட்டாவா போயிருந்தான்.

"நம்ம ஊர்ல பூசணிக்கு மூஞ்சி வரைவாங்க, தெரியுமா? புது வீடு கட்டுறப்ப வாசல்ல தொங்கவிடுவாங்க. பாத்தாலே பேய் ஓடிரும்."

ரக்ஷனா யோசித்தாள். பேய் ஓடும் என்பது பிடித்திருந்தது.

இருவரும் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு பின்பக்கம் போனார்கள். மேப்பிள் மரம் பாதி இலைகளைக் கொட்டிவிட்டிருந்தது. ரக்ஷனா சிவப்பை மட்டும் பொறுக்கினாள். மஞ்சளைப் பொறுக்கிய அம்மாவைக் கண்டித்தாள். பக்கத்து ஓக் மரத்துக் கொட்டைகள் இரண்டு கிடைத்தன, பூசணியின் கண்ணுக்கு.

கடையில் வாங்கிய பசை பூசணியின் வழுவழுப்பில் நிற்கவில்லை. செண்பகம் அடுப்பில் மைதாவைக் கிண்டினாள். காலேஜில் போஸ்டர் ஒட்டிய கை. இலை ஒன்றுகூட நகரவில்லை.

சிவப்பு முடி, கொட்டைக் கண், ஒரே ஒரு மஞ்சள் இலையில் நாக்கு. கடைசியில் ரக்ஷனா அம்மாவின் மைடப்பாவைத் திறந்து பூசணியின் கன்னத்தில் ஒரு திருஷ்டிப் பொட்டும் வைத்தாள். பேயை ஓட்ட வந்தது, சீவிச் சிங்காரித்த குழந்தை மாதிரி ஆகிவிட்டது.

வாசல்படியில் வைத்தார்கள். மெழுகுவர்த்தி உள்ளே போக வழியில்லாமல் பக்கத்தில் நின்று எரிந்தது. மிட்டாய் வாங்க வந்த பிள்ளைகள் இலைமுடியைத் தொட்டுப் பார்த்தார்கள். ஒரு அப்பா போட்டோகூட எடுத்தார். ரக்ஷனாவுக்குத் தலைகால் புரியவில்லை.

எதிர்வீட்டு இந்திராதேவி அக்கா ரக்ஷனாவுக்கென்று ஒரு பை சாக்லேட்டுடன் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். செண்பகம் போன வருடம் வெட்டியபோது பக்கத்தில் நின்று தலையில் அடித்துக்கொண்டவர்.

அவர் பூசணியைப் பார்த்துச் சிரிக்கவில்லை. குனிந்து, மெல்லத் திருப்பி, பின்பக்கமும் பார்த்தார். எங்கும் கத்தி படவில்லை. பிறகு செண்பகத்தின் முகத்தைப் பார்த்தார்.

"எத்தினை மாசம், பிள்ளை?"

ஏழுமலைக்குக்கூட இன்னும் சொல்லவில்லை. போன வருடம் சொல்லி, இருவருமாகப் பெயர்கூடப் பார்த்து, பூசணி அழுகுவதற்குள் எல்லாம் முடிந்துபோயிருந்தது. பூசணியை வெட்டியதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்றுதான் டாக்டர் சொன்னார். அவளுக்கும் அது தெரியும்.

"மூணு முடிஞ்சிருச்சுக்கா" என்றாள். வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் அது நிஜம் மாதிரி இருந்தது. கண் நிறைந்துவிட்டது.

இந்திராதேவி அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒண்டுக்கும் யோசிக்காதை. வாற வருசம் ரெண்டு பூசணி வாங்கோணும், சரியே?"

சாக்லேட் பைக்குள் தலையை விட்டிருந்த ரக்ஷனா நிமிர்ந்தாள்.

"ஒண்ணு எனக்கு. இன்னொண்ணு யாருக்கு?"