எட்டு பிஸ்கட் பாக்கெட்

மகள் ஒன்பதாவது பிஸ்கட்டை எடுத்து வாயில் வைத்தபோது, தையல்காரி மெஷினில் நூல் கோர்ப்பதுபோல நடித்துக்கொண்டிருந்தாள்.

பாக்கெட்டில் இருக்கவேண்டியது எட்டு.

வாசலில் மகளின் பெட்டி தயாராக நின்றது. வேறு ஊரில் வேலை கிடைத்திருக்கிறது. இன்னும் சற்று நேரத்தில் வண்டி வந்துவிடும். காலைச் சாப்பாடு என்று மகள் ஒத்துக்கொள்வது இந்த ஒரு பாக்கெட்டையும் பாலில்லாத டீயையும்தான்.

உடம்பைக் குறைக்க நினைப்பவர்களுக்கென்று கடையில் விற்கிறார்களே, உள்ளங்கை அகலப் பாக்கெட், அதுதான். முன்பக்கம் பெரிதாக ‘நூறு கலோரி’ என்று போட்டிருக்கும். பக்கத்தில் ஒரு பெண் இடுப்பில் டேப்பைச் சுற்றிக்கொண்டு சிரிப்பாள். டேப்பை அப்படிச் சாய்த்துப் பிடித்தால் அளவு இரண்டு அங்குலம் தப்பும் என்பது தையல்காரியின் கட்சி.

மகளிடம் குறைக்க உடம்பே இல்லை. அவளுடைய ஒவ்வொரு சட்டையையும் தையல்காரி மூன்று முறை பிடித்துத் தைத்திருக்கிறாள். கடைசியில் சட்டைக்குள் மடிந்து கிடந்த துணிதான் அதிகம், மகள் கொஞ்சம்.

சோற்றைக் கண்டால் மகளுக்குப் பயம். அதில் எத்தனை கலோரி என்று எழுதியிருக்காதே. டாக்டர்கள் பேசிப் பார்த்தார்கள். தையல்காரி கெஞ்சினாள், திட்டினாள், காலில் விழாத குறை. தானும் பட்டினி கிடந்து பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. எண் அச்சடித்த பாக்கெட்டை மட்டும் மகள் நம்பினாள். பெற்றவளை நம்பவில்லை.

அப்போதுதான் தையல்காரிக்கு அந்த யோசனை வந்தது.

மகள் குளிக்கப் போன நேரம். தையல் பிரிக்கும் பிளேடின் முனையால் பாக்கெட்டின் பின்பக்க ஒட்டை நோகாமல் பிரித்தாள். இன்னொரு பாக்கெட்டிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து உள்ளே தள்ளினாள். மேலே மெல்லிய துணியைப் போட்டு, இஸ்திரிப் பெட்டியின் நுனியால் ஓர் அழுத்து. கடைக்காரனே ஏமாந்துபோவான்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்கள் உண்டு. இவள் பிஸ்கட்டைப் பிஸ்கட்டுக்குள் மறைத்தாள்.

ஒன்று இரண்டானது. இரண்டு நான்கானது. மகள் சுவரைப் பார்த்துக்கொண்டே தின்பாள், பாக்கெட் காலியானதும் எழுந்துபோவாள். எண்ணுவதாகத் தெரியவில்லை.

போன மாதம் மகளின் சட்டை ஒன்றில் பக்கத் தையலை விரல் அகலம் பிரித்துவிட வேண்டியிருந்தது. மகளுக்குத் தெரியாமல் பிரித்துவிட்டு, தையல்காரி மெஷின்மேல் தலையை வைத்து அழுதாள். சந்தோஷம் தாங்கவில்லை.

பெட்டிக்குள்ளும் அப்படி நிரப்பிய பாக்கெட்டுகள்தான். தையல்காரிதான் ஒரு மூலையில் திணித்து வைத்திருக்கிறாள். ஒரு மாதத்துக்கு வரும்.

அதற்குப் பிறகு?

அந்த ஊர்க் கடையில் வாங்கும் பாக்கெட்டில் எட்டுதான் இருக்கும். எட்டைத் தின்றுவிட்டு மகள் மறுபடியும் கரைய ஆரம்பிப்பாள். கவனிக்கப் பக்கத்தில் ஆள் இருக்காது.

சொல்லிவிடுவதுதான் நல்லது என்று தையல்காரிக்குப் பட்டது. பன்னிரண்டு தின்றும் வானம் இடிந்து விழுந்துவிடவில்லை. அதை எடுத்துச் சொன்னால் பயம் தெளியும்.

நூலை விட்டுவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தாள். பிளேடு, இஸ்திரிப் பெட்டி, நான்கு பிஸ்கட், எல்லாவற்றையும் சொன்னாள்.

“அங்க போய் ஒண்ணரை பாக்கெட்டா சாப்பிடு தங்கம். இத்தனை நாளா நீ சாப்பிட்டது அதுதான். ஒண்ணும் ஆகலையே.”

மகள் மெல்வதை நிறுத்தினாள். கத்தப்போகிறாள் என்று தையல்காரி பயந்தாள். மகள் கத்தவில்லை. வாயில் இருந்ததை மெதுவாக விழுங்கினாள்.

“தெரியும்மா. முதல் நாளே தெரியும். நீதானே போட்டே, நானா எடுத்துத் திங்கலையேன்னு சொல்லிக்கிட்டுத்தான் தின்னேன்.”

தையல்காரிக்கு முதலில் பிடிபடவில்லை. பிடிபட்டபோது தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். தான் கெட்டிருந்தால்கூட அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள்.

“சும்மா சொன்னேன்டா” என்றாள் அவசரமாக. “எட்டுதான் இருந்துச்சு. எப்பவும் எட்டுதான்.”

மகள் தலையசைத்தாள். அவளும் நம்பத்தான் பார்த்தாள். பத்தாவது பிஸ்கட்டை எடுத்து உதடுவரை கொண்டுபோனாள். கை அங்கேயே நின்றது. கண்ணில் நீர் கோர்த்துக்கொண்டது. எவ்வளவு முயன்றும் வாய் திறக்கவில்லை. பிஸ்கட்டைத் தட்டில் வைத்துவிட்டாள்.

எழுந்துபோய்ப் பெட்டியைத் திறந்தாள். உள்ளேயிருந்த பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து மெஷின்மேல் அடுக்கினாள்.

மூலையில் திணித்தவை இப்போது மூலையில் இல்லை. ஒரு பிஸ்கட்கூட நொறுங்கிவிடக்கூடாது என்று, ஒவ்வொரு பாக்கெட்டையும் தன் சட்டைகளுக்குள் பொதிந்து வைத்திருந்தாள் மகள்.