கோவில்பட்டிக்கு எத்தனை?

சாக்பீஸைப் பிடித்ததும் உள்ளங்கை எரிந்தது.

இடது இடுப்பில் பேரன். எதிரே டீக்கடையின் கரும்பலகை.

பலகையில் இன்று வடை விலை இல்லை. பெரிய ஆட்டம் நடக்கும் நாளில் அய்யலுசாமி கடையில் அப்படித்தான். டீ குடிக்க வருகிறவன், எந்த ஊர் எத்தனை கோல் போடும் என்று எழுதிவிட்டுத்தான் எதிரே உள்ள ஹாக்கி மைதானத்துக்குப் போக வேண்டும். எழுதியதை அழிக்கக் கூடாது. தப்பாக எழுதியவனை அடுத்த ஆட்டம் வரை ஓட்டி எடுத்துவிடுவார்கள்.

கோவில்பட்டி 2, அரியலூர் 1.

கோவில்பட்டி 3, அரியலூர் 1.

கோவில்பட்டி 7, அரியலூர் 0. இதை எழுதியவன் ஹாக்கி மட்டையைக் கையால் தொட்டதில்லை.

பேரனோடு நின்ற அவர் மட்டும் பாக்கி.

மில் டீமில் கோலுக்கு முன்னால் தடுத்து ஆடும் ஃபுல் பேக்காக இருந்தவர். அவர் எழுதிவிட்டால் அம்பயர் விசிலே ஊத வேண்டாம் என்பது கடைப் பேச்சு.

பெண்கள் லீக்கின் பிளே-ஆஃப். மூன்று ஆட்டம், இரண்டை ஜெயித்தால் கோப்பை. முதலாவது கோவில்பட்டிக்கு. இரண்டாவது அரியலூருக்கு. இரண்டையும் அவர் சரியாகத்தான் எழுதியிருந்தார். இரண்டாவதைச் சரியாக எழுதிய குற்றத்துக்காக ஊரில் பாதிப் பேர் அவரோடு இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மழையால் தள்ளிப்போன மூன்றாவது ஆட்டம் இன்று.

அரியலூரின் கோல்கீப்பர் அவருடைய மருமகள். வாழ்வது இங்கே, ஆடுவது பிறந்த ஊருக்கு. பேரனைப் பெற்றவள் அவள்தான்.

"எழுதுங்க அண்ணாச்சி. ஊரா, மருமகளா?"

அய்யலுசாமி கேட்டதும் கடையே சிரித்தது.

அவர் சிரிக்கவில்லை.

வாசலில் பைக் வந்து நின்றது. கோவில்பட்டி டீமின் கோச் பொன்னுத்துரை. இறங்காமலே கேட்டான்.

"ரெண்டு ஆட்டத்துலயும் நம்ம பிள்ளைக போட்ட கோல் எல்லாம் ஒங்க மருமக இடது கால் பக்கந்தான் போச்சு. தற்செயலா அண்ணாச்சி, இல்ல அந்தக் காலு வர மாட்டேங்குதா?"

சிரிப்பு நின்றது.

அவருக்குத் தெரியும். பேரனை வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள். அதன் பிறகு பந்துக்கு நீள வேண்டிய இடது கால் ஒரு கணம் யோசித்தது. அந்த ஒரு கணம் வீட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாது.

சொன்னால் வீட்டுக்குத் துரோகம். மறைத்தால் ஊருக்குத் துரோகம். கோப்பையைத் தொட்டு எத்தனையோ வருஷமான ஊர்.

பேரன் அவர் காதைப் பிடித்து இழுத்தான்.

"தற்செயல் இல்ல," என்றார். "பிள்ளை பெத்த பிறகு சுணங்கிருச்சு. இடது பக்கமே அடிக்கச் சொல்லு. கீழாப்புல."

கடை அதிர்ந்தது. யாரோ விசிலடித்தார்கள். பேசாமல் இருந்த பாதிப் பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். பொன்னுத்துரை பைக்கை ஓர் உதை உதைத்து மைதானத்துக்குப் பறந்தான். அய்யலுசாமி சீனி தூக்கலாக ஒரு டீ போட்டு அவர் முன்னால் வைத்தான்.

அவர் டீயைத் தொடவில்லை. பலகைப் பக்கம் திரும்பினார்.

கோவில்பட்டி என்று எழுதினார். எழுத்து குண்டு குண்டாக, நேராக வந்தது.

பக்கத்தில் ஒரு சைபர் போட்டார்.

அவர் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டார்.

"அரியலூருக்கு எத்தனைன்னு போடலியே?" அய்யலுசாமியின் குரல் இறங்கியிருந்தது.

"அது எனக்கு எப்படித் தெரியும்? கோல் போடுறது அவ வேலை இல்லியே."

"அப்ப இடது பக்கம் அடிக்கச் சொன்னீக?"

அவர் கையைத் தட்டினார். சாக்பீஸ் தூள் போன பிறகு கொப்புளங்கள் தெரிந்தன. இரண்டு உடைந்திருந்தன.

ஆட்டத்தை விட்டு வருஷக்கணக்கானவருக்குக் கொப்புளம் ஏன் என்று கடையில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். மறைக்க அதில் ஒன்றும் இல்லை.

ஆட்டம் தள்ளிப்போன பிறகு, மழை விட்ட காலைகளில் எல்லாம் வீட்டுப் பின்சுவருக்கு முன்னால் அவள் கவசம் கட்டி நின்றாள். பந்தும் மட்டையும் அவரிடம். அவள் சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

"இடது பக்கமே அடிங்க மாமா."

முதல் நாள் அடித்ததெல்லாம் சுவரில் போய் மோதியது. சுண்ணாம்பு உதிர்ந்தது. விழுந்து எழுந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். போதும் என்றால் அவர் நிறுத்தியிருப்பார். அவள் சொல்லவில்லை.

நேற்று அவர் பாவமே பார்க்கவில்லை. மில் டீமில் அடித்த அதே அடி. தோள்பட்டை கழன்று விடும் போல் வலிக்கிற வரை அடித்தார்.

சுவரில் ஒரு பந்துகூடப் படவில்லை.

மைதானத்தில் ஒலிபெருக்கி இரண்டு ஊர்ப் பெயரையும் அழைத்தது. கடை காலியானது. போகிறவர்கள் ஒவ்வொருவராகப் பலகையை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனார்கள்.

பேரனை வலது இடுப்புக்கு மாற்றிக்கொண்டார். நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது. அதை மறைக்க அவர் மெனக்கெடவும் இல்லை.

வழக்கமாக ஊர்க்காரர்களோடு நடுக் கேலரியில் உட்காருவார். இன்று அந்தப் பக்கம் திரும்பாமல் நடந்தார்.

கோல் கம்பத்துக்குப் பின்னால் இடம் பிடிக்க வேண்டும்.

அவளுக்கு இடது பக்கமாக.