காலமான சாரின் அழைப்பு

இயந்திரக் குரலுக்கு மசியாத மனிதன் தமிழ்நாட்டிலேயே நான் ஒருவன்தான். எங்கள் பல்கலைக்கழகத்தில் காலமான பேராசிரியர்களின் குரலில் இயந்திரம் பேசி, பழைய மாணவர்களை விழாவுக்கு அழைக்கும். அதற்கு வசனம் எழுதுவது என் வேலை. இயந்திரம் என்று தெரிந்தும் சிலர் அதனிடம் மன்னிப்புக் கேட்பார்கள்.

"பிட் அடிச்சதுக்கு மிஷின்கிட்ட அழுவுறான் பாருங்க, ஜெயசீலிக்கா!" என்று பக்கத்து மேசை அக்காவிடம் சொல்லிச் சிரிப்பேன்.

"நீயும் இங்க படிச்சவன்தானே தம்பி? உனக்கும் வரும்."

நேற்று எனக்கும் அந்த அழைப்பு வந்தது. எனக்குப் பாடம் நடத்திய வடிவேல் சாரின் குரல்.

"இளம்பரிதி, நல்லாருக்கியாப்பா?"

என் நாற்காலி நகர்ந்த சத்தத்தில் அக்கா திரும்பிப் பார்த்தார். நான் எழுந்து நின்றிருந்தேன்.

"சார்... அந்த ப்ராஜெக்ட் அந்தோணி எழுதுனது சார். காப்பியடிச்சவன் நான். நீங்க அவனை வெளிய அனுப்பிட்டீங்க."

"ரொம்ப சந்தோஷம்ப்பா. குடும்பத்தோட விழாவுக்கு வந்துடு."

நான் எழுதிய வசனம்தான்.

"சரிங்க சார்," என்றேன்.